ஷ்மிட் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பிக்கு

நாகல்நகர்,
திண்டுக்கல்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி கூடக் குறைய இருக்கிறது, வேறொன்றும் இல்லை. உன் மனைவிக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டது என்று கேட்டதிலிருந்து அம்மா கால் வலியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். சுக்கு, ஓமம், பிரண்டை வற்றல் என்று எதையாவது காயவைத்துக்கொண்டே இருக்கிறாள்.

நீ போனில் கேட்ட இரண்டு கேள்விக்கும் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இதெல்லாம் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு பேசுகிற விஷயமில்லை. நீ குடியிருக்கும் வீட்டுக்காரரின் பெயர்ப் பலகையில் இருக்கும் ‘ஷ்மிட்’ என்றால் என்ன என்று கேட்டாய். பிறக்கப்போகும் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் என்று எதை எழுதுவது என்றும் கேட்டாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது.

ஷ்மிட் என்றால் கொல்லன். இரும்பை உலையில் போட்டு, பட்டடைக்கல்லில் வைத்து அடிக்கிறவர். நம் தாத்தா செய்த வேலை, அப்பா செய்த வேலை. ஸ்டுட்கார்ட்டில் நீ மாடிப்படி ஏறும்போதெல்லாம் பார்க்கிற அந்தப் பித்தளைத் தகட்டில் நம் வீட்டுத் தொழில்தான் எழுதியிருக்கிறது.

ஜெர்மனியில் குடும்பப் பெயர்கள் ஏறத்தாழ 12-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டுக்குள் நிலைபெற்றவை. அதற்கு முன் ஆளுக்கு ஒரு பெயர்தான். நகரங்கள் பெருகின. வரி ஏட்டிலும் சொத்துப் பத்திரத்திலும் ஒரே பெயரில் நாலு பேர், அஞ்சு பேர் என்று வந்தார்கள். எந்த ஹான்ஸ் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தச்சுவேலை ஹான்ஸ், குட்டை ஹான்ஸ், ஆற்றங்கரை ஹான்ஸ் என்று ஊரார் வாயில் வந்ததை எழுத்தர் எழுதிக்கொண்டார். பிறகு அது மகனுக்கும் பேரனுக்கும் போயிற்று. இன்று அந்த நாட்டில் ஆகக் கூடுதலான பேருக்கு இருக்கும் பெயர் ம்யூல்லர், மாவு அரைக்கும் ஆலைக்காரர். அதற்கு அடுத்தது ஷ்மிட். மூன்றாவது ஷ்னைடர், தையற்காரர். மீனவர் ஃபிஷர், நெசவாளர் வேபர் எல்லாம் அவர்களுக்குப் பின்னாலேயே வருகிறார்கள்.

கொல்லருக்கு ஏன் இவ்வளவு முன்னிடம் என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் பாதிப்பேர் உழுகிறவர்கள் என்றால் ‘உழவன்’ என்று சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. கொல்லன் என்றால் ஊருக்கு ஒருவர். கொழு தீட்ட, குதிரைக்கு லாடம் கட்ட, கதவுக்குக் கீல் வைக்க அந்த ஒருவரிடம்தான் போக வேண்டும். பெயர் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். அப்படி ஊருக்கு ஒருவர் இருந்ததால்தான் நாடு முழுக்க இத்தனை பேர் ஆகிவிட்டார்கள்.

உன் வீட்டுப் பலகையில் கடைசியில் ‘d’ என்று ஓர் எழுத்துதான் இருக்கிறது, அலுவலகத்தில் இருக்கும் ஷ்மிட்டுக்கு ‘dt’ என்று இரண்டு எழுத்து என்று சொன்னாயே, அதுவும் சும்மா வந்ததில்லை. ஒற்றை எழுத்தோடு முடிவது தெற்கத்திப் பழக்கம். நீ இருக்கும் ஸ்வாபியா, பக்கத்துப் பவேரியா பக்கம் அது அதிகம். ரைன் நதிப் பக்கம் போனால் ‘ஷ்மிட்’டின் கடைசி எழுத்து ‘tt’ என்று இரட்டிக்கும். கொலோன் நகரத்துப் பக்கம் ‘ஷ்மிட்ஸ்’ ஆகிவிடும். ஆக, பெயரின் வாலைப் பார்த்து எந்தத் திக்கு என்று ஒருவாறு ஊகிக்கலாம். 1974 முதல் 1982 வரை மேற்கு ஜெர்மனியின் பிரதமராக இருந்த ஹெல்முட் ஷ்மிட் வடக்கே ஹம்பர்க் நகரத்துக்காரர், அவருக்கு இரண்டெழுத்து வால்.

தொழில் பிரியப் பிரியப் பெயரும் பிரிந்தது. கத்தி செய்கிறவர் மெஸ்ஸர்ஷ்மிட். அதன் ஒரு வடிவம்தான் பிற்பாடு ஒரு போர் விமானத்தின் பெயரானது. பொன் வேலை செய்கிறவர் கோல்ட்ஷ்மிட். பூட்டுச் செய்கிறவர் ஷ்லோஸர். அந்தக் கடைசிப் பெயரைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், தம்பி. நம் அப்பா மாதிரி பூட்டுக்காரர் என்று ஒரு வம்சப் பெயர்! ஷ்லோஸர் என்ற பெயரோடு வரலாற்றாசிரியர் இருந்திருக்கிறார், கலை வரலாறு எழுதியவர் இருந்திருக்கிறார். பெருங்கவிஞர் கோதேயின் தங்கை கொர்னேலியாவைக் கட்டியவர் யோஹான் கேயோர்க் ஷ்லோஸர் என்ற சட்ட அறிஞர். அவர்கள் யாரும் அரம் பிடித்ததில்லை. எப்போதோ ஒரு முன்னோர் பிடித்தார், அது மறையாமல் இருக்கிறது.

உலகம் முழுக்க இதே கதைதான். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் ஸ்மித்துக்கு. அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் மட்டும் 24 லட்சம் பேருக்கு மேல். ஹங்கேரியில் கோவாச், போலந்தில் கோவால்ஸ்கி, ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், அரபு நாடுகளில் ஹத்தாத், இத்தாலியில் அந்தச் சிவப்புக் கார்க்காரரின் ஃபெராரி, எல்லாம் கொல்லர் வீட்டுப் பெயர்தான். உன் ஊரில் துருக்கிக் குடும்பங்கள் நிறைய என்றாயே, அங்கே டெமிர்ஜி என்று யாராவது இருக்கிறார்களா பார். அவரும் இரும்புக்காரர். ஆனால் துருக்கியில் எல்லாரும் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததே 1934-இல்தான். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைப் பார்த்து முழித்தவர்கள் நாம் மட்டுமில்லை.

இன்னொன்று சொல்கிறேன், இது உனக்குப் பிடிக்கும். என் மேசையில் தரங்கம்பாடியில் அச்சான பழைய தமிழ்-ஆங்கில அகராதி ஒன்று இருக்குமே, சின்ன வயதில் நீ அதைத் தலைக்கு வைத்துப் படுப்பாயே, அது ஃபப்ரிசியுஸ் அகராதி. யோஹான் பிலிப் ஃபப்ரிசியுஸ் 1711-இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னைக்குப் போய், ஐம்பது வருஷம் இந்த மண்ணில் வாழ்ந்து 1791-இல் சென்னையிலேயே மறைந்தார். வேதாகமத்தைத் தமிழாக்கினார், கீர்த்தனைப் பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், வேப்பேரி அச்சகத்தில் 1779-இல் அகராதியை வெளியிட்டார். தமிழை அப்போது ஐரோப்பியர் மலபார் என்றே சொல்வார்கள். முதல் அச்சில் அந்தப் பெயர்தான் இருந்தது. அதைத் திருத்தித் திருத்தித் தரங்கம்பாடியில் அச்சிட்டார்கள். என்னிடம் இருப்பது 1972 பதிப்பு. சென்னைப் புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

அந்தப் பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானியப் படிப்பாளிகள் தங்கள் நாட்டுப் பெயரை லத்தீனுக்கு மாற்றி வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. உழவர் பெயரான பௌவர் அக்ரிகோலா ஆனார். சுரங்கத்தையும் உலோகத்தையும் பற்றி 1556-இல் வெளிவந்த பெரிய நூலை எழுதிய அக்ரிகோலா அப்படித்தான். நெசவாளர் டெக்ஸ்டர் ஆனார், தையற்காரர் சார்டோரியுஸ் ஆனார். லத்தீனில் கொல்லனுக்கும் கைவினைஞனுக்கும் ஃபாபெர் என்று பெயர். ஷ்மிட் வகைப் பெயர்கள் ஃபாபெர் என்றும் ஃபப்ரிசியுஸ் என்றும் மாறியது அதனால்தான். பள்ளிக்கூடத்தில் நான் பிள்ளைகளுக்குச் சொல் தேடித் தேடிக் கொடுக்கும் புத்தகத்தின் முகப்பில் ஒரு கொல்லர் பெயர் இருக்கிறது. இத்தனை வருஷம் அதைப் புரட்டியிருக்கிறேன், உன் கேள்விக்காகத்தான் தேடிப் படித்தேன்.

நம்மிடம் இது இல்லாமலா இருந்தது? சங்கப் புலவர் பெயர்களை எடுத்துப் பார். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். ஊர், தொழில், பெயர் என்று வரிசையாக நிற்கிறது. தானியம் விற்றவரும் துணி விற்றவரும் பொன்னுருக்கியவரும் அந்த அடையாளத்தோடேயே புலவர் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கால் என்பது இன்றைய சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்கல். பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம்.

பிற்பாடு வந்ததுதான் கோணல். தொழிற்பெயர் சாதிப் பட்டமாக இறுகிப் போனது. ஷ்மிட் வீட்டுப் பெண்ணை ம்யூல்லர் வீட்டுப் பையன் கட்டினால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், பெயர் வெறும் பெயராகிவிட்டது. இங்கே பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டம், எங்கே உட்காரலாம், யாரைக் கட்டலாம் என்று சொல்லிற்று. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அது சரியான காரியம் என்றுதான் இன்றும் சொல்வேன். அப்பா நம்மைப் பள்ளியில் சேர்க்கும்போது ‘ஆசாரி’யை எழுத வேண்டாம், என் பேர் மட்டும் போதும் என்று சொன்னவர். அதனால் நீ கேட்டாயே, பழைய பட்டத்தையே குடும்பப் பெயராகப் போட்டுவிடலாமா, அது தொழில் பெயர்தானே என்று, அதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். ஷ்மிட்டும் அதுவும் ஒன்றில்லை. அப்பா யோசித்து இறக்கி வைத்ததை நாம் மறுபடி தூக்கிப் பிள்ளை தலையில் வைக்கக் கூடாது.

ஊர்ப் பெயரைப் போடலாமா என்றும் கேட்டாய். திண்டுக்கல்லுக்கு அந்த உரிமை இருக்கிறதுதான். மேடையில் பேசுகிறவர் முதல் கடைப் பலகை வரைக்கும் ஊர்ப் பெயரை முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். 1957-இல் பிரியாணிக் கடை வைத்த நாகசாமி நாயுடு எப்போதும் தலைப்பாகையோடு இருந்ததால் ஜனங்கள் தலப்பாக்கட்டி என்றார்கள், இன்று அதுவே ஊர் ஊராக நிற்கிறது. ஜெர்மனியில் சுருட்டை முடிக்காரர் க்ராவுஸே ஆனதும் இப்படித்தான். நம் நாகல்நகரிலேயே சௌராஷ்டிர வீடுகளில் குடும்பப் பெயர் உண்டு. டி.எம். சௌந்தரராஜன் பெயரில் முதலில் வரும் ‘டி’ தொகுளுவ என்ற குடும்பப் பெயர்தான். தெலுங்கு பேசும் வீடுகளில் இண்டிப்பேரு இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லை, தம்பி. நமக்கு இருப்பது அப்பா.

எல்லாரும் அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள், ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்துவிடுகிறேன், சங்கடமாக இருக்கிறது என்றாய். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் நான் இதை வேறு மாதிரி கேட்டேன். இங்கே நம் எல்லாருக்கும் அப்பா ஓர் எழுத்துதான். வருகைப் பதிவேட்டில் ஓர் எழுத்து, ஓட்டர் பட்டியலில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி. அவர் பெயரை முழுசாக யாரும் உரக்கச் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! நீ இருக்கும் ஊரில் மட்டும்தான் தினமும் சொல்கிறார்கள்.

அவர் செய்த பூட்டு ஒன்று அலமாரியில் இருக்கிறது, மாங்காய்ப் பூட்டு. போன வாரம் எடுத்து எண்ணெய் விட்டேன். உள்ளே லீவர் தகடுகளைச் சாவியின் பல்லுக்கு ஏற்ப ஒவ்வொன்றாக அரத்தால் ராவி ராவிப் பொருத்துவாரே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. ஒரு தகடு மயிரிழை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் நாக்கு நகராது. அதனால்தான் அடுத்த பூட்டின் சாவி இதற்குச் சேராது. சாவி திருப்பினால் மணி அடிக்கிற பூட்டை நமக்காகவே ஒன்று செய்து காட்டினார், ஞாபகம் இருக்கும். அந்த மாங்காய்ப் பூட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். வாங்கி விற்றவர் முத்திரை குத்தியிருக்கிறது. செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று பட்டறைகள் இருந்த இடங்களையெல்லாம் அதில் சேர்த்திருக்கிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அது ஊருக்குக் கிடைத்த பெயர். அலிகாரிலிருந்து இயந்திரத்தில் செய்த பூட்டு மலிவாக வந்து இறங்க இறங்க, அரம் பிடித்த வீட்டுப் பையன்கள் நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். உலை எரியும் வீடுகள் விரல் விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன. அந்த ஆட்களின் பெயரை யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. ஷ்லோஸர் என்று ஒரு பூட்டுக்காரரை ஐந்நூறு வருஷமாக ஏட்டில் வைத்திருக்கும் ஊரில் நீ இருக்கிறாய். அந்த ஏட்டில் நம் பூட்டுக்காரர் ஒருவர் பெயரும் ஏறட்டும். பட்டம் இல்லாமல், அவர் தனக்கு வைத்துக்கொண்ட மாதிரியே.

உன் மாமனார் வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அவர்களுக்கும் ஆசை இருக்கும், அது நியாயம். பிள்ளைக்குச் சொந்தப் பெயர் வைக்கும் உரிமையை அவர்களுக்கு விட்டுக்கொடு, மனம் நிறைந்துவிடும்.

பதிவு அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துக் கோவை வருகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடு. நீளமாக இருக்கிறது, சுருக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. அம்மாவின் விசாவுக்கு வேண்டிய அழைப்புக் கடிதத்தை இந்த மாதமே அனுப்பிவிடு, மற்ற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பிரண்டை வற்றலை விமானத்தில் விடுவார்களா என்று கேட்டு எழுது, அம்மா தினமும் கேட்கிறாள்.

அன்புடன்,
அக்கா