இளைத்துப்போன பாக்கெட்

மளிகை வாங்கப் போகிற இடத்தில் நம்மைக் கோபப்படுத்த எத்தனையோ வழிகள். ஒரு ரூபாய் சில்லறைக்குப் பதில் சாக்லேட். பதினைந்து பேர் நிற்கும்போது திறந்திருக்கும் ஒரே பில் கவுன்ட்டர். பைக்குத் தனிக் காசு. இவை கண்ணுக்குத் தெரிகிற எரிச்சல்கள். முறைத்துவிட்டு வந்துவிடலாம். தெரியாத ஒன்று இருக்கிறது. அது நம் பாக்கெட்டுக்கு, அதாவது சட்டைப் பாக்கெட்டுக்கு, அதிக ஆபத்து.

வீட்டில் இருக்கும் பத்து ரூபாய் பிஸ்கட்டைத் திருப்பி எடையைப் பாருங்கள். விலை மாறாது, எடை மட்டும் சத்தமில்லாமல் இளைத்துக்கொண்டே போகும். பத்தைப் பதினொன்றாக்கினால் நமக்கு உடனே உறைக்கும், சண்டைக்குப் போவோம். இரண்டு பிஸ்கட்டை உருவிவிட்டால் யார் எண்ணப்போகிறார்கள்?

இதில் சட்டத்துக்கும் பங்குண்டு. பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் உள்பட 19 வகைச் சரக்குகளை இன்ன இன்ன அளவில்தான் பாக்கெட் போடலாம் என்று ஓர் அட்டவணை இருந்தது. 2021-ல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 850 மில்லி எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட்டின் பக்கத்தில் ஒட்டிப் பிறந்தாற்போல உட்கார்ந்திருக்கிறது. 850 மில்லி 136 ரூபாய், ஒரு லிட்டர் 155 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது மலிவு? கை 136-க்குத்தான் போகும். கணக்குப் போட்டால் அது லிட்டர் 160 ரூபாய்! மாசம் நாலு லிட்டர் என்றால் வருஷத்துக்கு 240 ரூபாய் தண்டம்.

எண்ணெயில் பௌதிகமும் உண்டு. சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் சுமார் 919 கிராம், 60 டிகிரியில் சுமார் 893 கிராம்தான். சில கம்பெனிகள் 60 டிகிரி வரை போட்டு அந்தச் சூட்டில் ஒரு லிட்டர் என்று பாக்கெட்டில் அச்சடித்தன. அக்னி நட்சத்திரத்தில்கூட நம் ஊரில் 60 டிகிரி அடிக்காது ஸ்வாமி! வெப்பநிலையை எழுதும் வேலையெல்லாம் வேண்டாம் என்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு சொல்ல வேண்டியிருந்தது.

ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பெரியவர் ஒருவர் பூதக்கண்ணாடி வைத்துப் பருப்புப் பாக்கெட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "கிராமைத் தேடுறேன் சார். பென்ஷன் வர்ற அன்னிக்கு லிஸ்ட் போட்டு வாங்குறேன். அதே லிஸ்ட், அதே எண்ணிக்கை. இப்பல்லாம் இருபத்தஞ்சாம் தேதியே டப்பா காலி" என்றார். பக்கத்தில் நின்ற சேல்ஸ் பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கெட் இளைத்தால் மாதத்துக்கு ஐந்து நாள் குறைந்துவிடுகிறது.

அவருக்கு உதவும் விஷயம் அந்தப் பாக்கெட்டிலேயே இருந்தது. அட்டவணையை எடுத்த அதே திருத்தம் இன்னொன்றைக் கொடுத்தது: 'யூனிட் சேல் பிரைஸ்'. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு, கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று எம்.ஆர்.பி.யோடு போட வேண்டும். எண்ணெய்க்கு மில்லி, லிட்டர். இந்த ஓர் எண்ணை இரண்டு பாக்கெட்டிலும் ஒப்பிட்டால் போதும். கால்குலேட்டர் வேண்டாம், பத்தாம் வாய்ப்பாடு வேண்டாம். என்ன, எறும்பு எழுதினாற்போல இருக்கும். பூதக்கண்ணாடிக்காரர் புத்திசாலி.

பாக்கெட்டில் போட்டிருக்கும் எடையே உள்ளே இல்லை என்று சந்தேகமா? எடையளவுச் சட்டத்தை நம் மாநிலத்தில் அமல்படுத்துவது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் கொடுக்கலாம்.

அண்ணாச்சி கடையில் தராசு முள் நம் கண்ணெதிரே ஆடும். "இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணாச்சி" என்றால் ஒரு பிடி விழும். பாக்கெட்டிடம் அப்படிக் கேட்க முடியாது. படிக்கத்தான் முடியும். அடுத்த முறை விலையைப் பார்த்ததும் கூடையில் போட்டுவிடாதீர்கள். திருப்பிப் பாருங்கள், கிராம் எவ்வளவு என்று.