முக்திநாத் வழியில் ஒரு ஊரி

ஜீப்பை விட்டு இறங்கியதும் முகத்தில் அறைந்தது காற்றுத்தான். நேபாளத்தின் ஜோம்சோமில் காலையிலேயே விமானங்களை முடித்துவிடுகிறார்கள். நண்பகலுக்குப் பிறகு பள்ளத்தாக்கு வழியே தெற்குக் காற்று அப்படி ஏறுகிறது. இலங்கையின் வடகரையில், எங்கள் ஊரான மயிலிட்டியில் இதைச் சோளகம் என்போம். கடலைத்தான் காணவில்லை.

காளி கண்டகி ஆற்றோரத் தேநீர்க் கடையில் கறுப்பு உருண்டைக் கற்கள் குவிந்திருந்தன. பிளந்திருந்த ஒன்றின் உள்ளே சுருள் சுருளாய் ஒரு வடிவம். எனக்கு எங்கள் கரையில் பொறுக்கும் ஊரிதான் நினைவுக்கு வந்தது.

"சாளக்கிராமம், தம்பி. சக்கரம் தெரியறதா?" என்றார், கூட வந்த ஸ்ரீரங்கத்து அம்மா. முக்திநாத் அவருக்கு 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

அது அம்மோனைட். நாங்கள் கறி வைக்கும் கணவாய்க்குத் தூரத்து உறவு. ஆனால் வெளியே ஓடு உண்டு. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸ் கடலில் வாழ்ந்தது. சொன்னேன். அவர் அசரவில்லை: "பெருமாள் பாற்கடல்லதானே இருந்தார்!"

அந்தக் கடல் எங்கே போனது? தெற்கிலிருந்து இந்தியத் தட்டு வந்துகொண்டிருந்தது. முன்னால் இருந்த கடற்றரை கனமானது. ஆசியாவுக்கு அடியில் புதைந்தது. பின்னால் வந்த கண்டப்பாறை இலேசானது, அவ்வளவு எளிதில் அமிழாது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் மோதியபோது, இடையில் கிடந்த சேறும் சுண்ணாம்பும் பாய் சுருட்டினாற்போல் மடிந்து எழும்பின. எவரெஸ்ட் உச்சியே கடற் சுண்ணாம்புக்கல். நான் வந்த வழியில் ஒருபுறம் 8,167 மீற்றர் தவளகிரி, மறுபுறம் 8,091 மீற்றர் அன்னபூர்ணா. கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

எங்கள் ஊரும் கடல் போட்ட சுண்ணாம்புக்கல்தான். கிணறு வெட்டினால் சிப்பி அச்சு வரும். மோதும் விளிம்பு வெகு தூரத்தில் இருப்பதால் மடியாமல் தட்டையாகவே கிடக்கிறது. வயதிலும் இந்தச் சாளக்கிராமத்துக்குப் பேத்தி முறை.

மோதல் இன்னும் ஓயவில்லை. 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் ஏறக்குறைய 9,000 பேரைக் கொன்ற நிலநடுக்கம் அதன் கணக்குத்தான். இலங்கையும் அதே தட்டின் மேல் இருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2 சென்ரிமீற்றர் திபெத்தை நெருங்குகிறது.

1990இல் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். இராணுவத்தின் பிடியிலிருந்த துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. நாங்கள் கால் வைக்க முடியாதிருந்த அந்த 27 வருசத்தில், மயிலிட்டி திபெத்தை அரை மீற்றர் நெருங்கியிருந்தது.