பர்மா கதைக்கு ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். ஆனால் என்னிடம் படித்தவர்கள் அவசியம் படிக்க வேண்டும். நான் உங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை இன்று திருத்தப் போகிறேன்.

குடியரசு தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் நான் சொல்லும் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 1944ல் ஜப்பான் படை இம்பாலைச் சுற்றி வளைத்தது. இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன், அர்ஜன் சிங் தலைமையில், அங்கிருந்தே பறந்து பறந்து சண்டை போட்டது. இதுவரை உண்மை. இதற்கு அடுத்த வரி, "அந்தப் படையில்தான் எங்கள் அப்பாவும் இருந்தார், பர்மா எல்லையில் குண்டு மழைக்கு நடுவே." 1985ல் முதல் தடவை சொன்னேன். பிறகு வருஷா வருஷம் சொன்னேன். சொல்லச் சொல்ல கதையில் குண்டுகளும் கூடிக்கொண்டே போயின.

அந்த வரி பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை. ஆனால் சரிபார்க்காமல் சொன்னது. உங்கள் நோட்டில் சிவப்பு மையால் எத்தனை முறை "சரிபார்" என்று எழுதியிருப்பேன்!

இரண்டு வருஷத்துக்கு முன் தம்பி எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கட்டினான். பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே அப்பாவின் கம்பளி மப்ளர், இரண்டு பதக்கங்கள், ஒரு விமானத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நிற்கும் போட்டோ, கரையான் பாதி தின்ற டிஸ்சார்ஜ் சர்டிபிகேட். அதில் சர்வீஸ் நம்பர் மட்டும் தெளிவாக இருந்தது.

1994ல் எட்டாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் விமானப்படையில் இருபது வருஷம் இருந்து சார்ஜண்டாக ஓய்வு பெற்றவன். பெயர் போட வேண்டாம் என்றான், போடவில்லை. அவனுக்கு எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரியே போன் செய்தான்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பர்மாவுல இருந்தவங்களுக்கு பர்மா ஸ்டார்னு ஒண்ணு உண்டு. ஆறு முனை நட்சத்திரம். அது இதுல இல்லையே."

இருந்தவை இரண்டும் வட்டமானவை. ஒன்று வார் மெடல். ராஜா ஆறாம் ஜார்ஜ் தலை ஒரு பக்கம், சிங்கம் ஒரு பக்கம். மற்றது இந்தியா சர்வீஸ் மெடல். அதன் பின்பக்கத்தில் இந்திய வரைபடம் இருக்கிறது. போர்முனைக்குப் போகாமல் இந்தியாவுக்குள்ளேயே மூன்று வருஷம் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுத்தது அது. "போட்டோவைப் பாருங்க டீச்சர், பின்னாடி மலை மொட்டையா இருக்கு. இம்பால்னா காடா இருக்கும்" என்றான். முப்பது வருஷம் கரும்பலகையில் வரைபடம் மாட்டிப் பாடம் நடத்தியவள் நான். அந்த மலையை நான் பார்க்கவே இல்லை.

அவன் சொன்னபடி, டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்கு எழுதினேன். சர்வீஸ் நம்பர், சர்டிபிகேட் நகல், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வைத்து பதிவுத் தபாலில் அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரே ஒரு தாள்.

1942 ஜூனில் சேர்ந்திருக்கிறார். அந்த வருஷம் ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டதும் சென்னை பயந்துபோய் பாதி ஊர் காலியானதை நாம் படித்திருக்கிறோம். எல்லோரும் சென்னையை விட்டுக் கிளம்பிய வருஷத்தில், அப்போதைய செங்கல்பட்டு ஜில்லாவின் ஒரு மூலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் சென்னைக்குப் பஸ் ஏறியிருக்கிறான். முதலில் லாகூர் வால்டன். அடுத்து அம்பாலா. பிறகு போர் முடியும்வரை கோஹாட். வேலை: ஃபிட்டர், இன்ஜின் பிரிவு. வெளிநாட்டுச் சேவை: இல்லை. 1946ல் விடுவிப்பு.

கோஹாட் என்ற பெயரைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தச் சொல் தெரியும். மார்கழி மாதம் நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால், "இதெல்லாம் ஒரு குளிரா? கோகாட்டுக் குளிரைப் பார்த்தா செத்தே போவீங்க" என்பார் அப்பா. கோகாட்டு என்பது பர்மாவில் ஏதோ ஊர் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அது பெஷாவருக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவில், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிறது. பர்மா ஒரு மூலை, கோஹாட் நேர் எதிர் மூலை. அட்லஸைத் திறந்திருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

அப்பா எங்கேயும் பர்மா என்று சொன்னதில்லை. யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒரு தடவைகூட இல்லை. ஒரு பத்திரிகையில் இம்பால் பற்றிப் படித்தேன், வீட்டில் விமானப் போட்டோ இருந்தது, இரண்டையும் நான்தான் முடிச்சுப் போட்டேன். அவருக்கும் இது தெரிந்திருக்கிறது. பள்ளிப் பையன் ஒருவன் வழியில் அவரை மறித்து, "தாத்தா, நீங்க பர்மாவுல சண்டை போட்டீங்களாமே" என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்தவர், "என்னம்மா, என்னை பர்மாவுக்கு அனுப்பிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மேலே எதுவும் சொல்லவில்லை, நான் எதுவும் கேட்கவில்லை. 1991ல் போய்விட்டார். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், பெண்ணைப் பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டாம் என்று விட்டிருப்பார் போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது சொந்தக்காரர்களுக்கு.

இரண்டாம் உலகப் போரில் இருந்து பென்ஷன் வாங்காதவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாதாந்திர உதவித்தொகை தருகிறது. காஞ்சிபுரத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2010ல் அம்மா இதை யாரிடமோ கேள்விப்பட்டு வந்து என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலை, வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தேன். "நமக்கு எதுக்கும்மா அந்தப் பணம், நான் சம்பாதிக்கலையா" என்றேன். "பணத்துக்கா கேக்கறேன்? அவரு பேரு ஒரு ஆபீசு நோட்டுல இருக்கட்டும்னு கேக்கறேன்" என்றார். ஊர் வீடுகளையெல்லாம் கணக்கெடுத்தவள் அந்த ஒரு பரணை ஏறிப் பார்க்கவில்லை. 2013ல் அம்மாவும் போய்விட்டார். இந்தத் தாளை அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு உங்களை அழைத்துப் போய்க் காட்டுவேனே, பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது, அவனுடைய உறவினர் பெயரையும் போடக்கூடாது என்று இருக்கும். ஆயிரத்து நூறு வருஷமாகச் சுவரில் நிற்கிற அந்த விதியை உங்களுக்கு விளக்கிச் சொல்லிவிட்டு, மறு குடியரசு தினத்தில் பர்மா கதையும் சொல்லியிருக்கிறேன். இருக்கட்டும்.

தாள் வந்ததும் அந்தப் பையனிடம் முதலில் சொன்னேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் என் கதையைக் கேட்டுத்தான் ஏர்ஃபோர்ஸில் சேர்ந்தேன் என்று பல தடவை சொன்னவன் அவன். பொய்யை நம்பி இருபது வருஷத்தைக் கொடுத்துவிட்டான் என்று எனக்கு உறுத்தல். "மன்னிச்சுக்கப்பா" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "டீச்சர், ஏர்ஃபோர்ஸ்ல பறக்கறவங்க கொஞ்சம் பேருதான். நான் இருபது வருஷமும் தரையிலதான் நின்னேன். உங்க அப்பா பைலட்டுன்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றான். 1932ல் தொடங்கும்போது ஒரு கைப்பிடி ஆட்கள். போர் முடிந்தபோது ஒன்பது ஸ்குவாட்ரன், 28,000 பேருக்கு மேல். அதில் அதிகாரிகள் 1,600 பேர் அளவுதான். மிச்சம் எல்லாம் அப்பா மாதிரி ஸ்பானர் பிடித்தவர்கள்.

அப்புறம் அவன் ஒரு விஷயம் சொன்னான். விமானம் கிளம்புவதற்கு முன் இன்ஜின் பார்த்தவர், சிறகும் உடலும் பார்த்தவர், கருவிகள் பார்த்தவர் என்று ஒவ்வொருவரும் தன் பகுதியைச் சோதித்து ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஃபார்ம் 700 என்று பெயர். கடைசியில் பைலட் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத்தான் விமானத்தை வாங்கிக்கொள்வார். "கையெழுத்துப் போட்டுட்டு, அது மேல போயி திரும்பி வந்து இறங்கற வரைக்கும் வயித்துல ஒரு மாதிரி இருக்கும் டீச்சர். அது வெளியில யாருக்கும் தெரியாது."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அப்பாவை இன்ஜின்காரர் என்றால்தான் தெரியும். ஊர் திரும்பி, கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்த்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். "பன்னிரண்டு சிலிண்டர் பார்த்தவன், இந்த ஒத்தை சிலிண்டர் என்னை ஏமாத்துமா" என்று இன்ஜினைத் திட்டுவார். அந்தப் பன்னிரண்டு சிலிண்டர் ஹரிகேன் விமானத்து மெர்லின் இன்ஜின் என்று இப்போதுதான் தெரிந்தது. ரிப்பேர் முடிந்ததும் விவசாயியிடம் ஒரு நோட்டு கேட்டு, தேதி, என்ன கழற்றினேன், என்ன மாற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மோட்டார் கொட்டகைக்கு எதற்கு ரிக்கார்டு என்று ஊரே கிண்டல் செய்யும். போட்ட பிறகும் கிளம்ப மாட்டார். வாய்க்காலில் தண்ணீர் கடைசிப் பாத்தி போய்ச் சேரும்வரை வரப்பில் உட்கார்ந்திருப்பார். சோறு ஆறிப்போகிறது என்று அம்மா என்னை அனுப்பி அழைத்து வரச் சொல்வார். "இரும்மா, ஓடட்டும்" என்பார்.

ஆகவே என் மாணவர்களே, அந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்லிவிடுங்கள். இம்பால் சண்டை உண்மை, அர்ஜன் சிங் உண்மை. எங்கள் அப்பா அங்கே இல்லை. கோஹாட்டில் இன்ஜின் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

ஓர் உதவியும் வேண்டும். உங்கள் வீட்டுப் பழைய மோட்டார் கொட்டகையிலோ பரணிலோ அந்த மாதிரி நோட்டு ஏதாவது கிடந்தால் ஒரு பக்கம் மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், வலது ஓரமாகக் கையெழுத்து இருக்கும். கீழே தேதி இருக்கும். எங்களிடம் ஒன்றுகூட இல்லை.