வீடு எழுந்தருளிய வைபவம்

மதுரைக்குப் போகிறவர்கள் மீனாட்சியம்மனைத் தரிசிப்பார்கள். திருமலை நாயக்கர் மகாலின் தூணைக் கட்டிப் பிடித்துப் பார்த்து, கை எட்டவில்லை என்று சிரிப்பார்கள். ஒரு சுங்குடிப் புடவை வாங்குவார்கள். ஜிகர்தண்டா குடித்துவிட்டு ரயிலேறிவிடுவார்கள். நானும் வெகு காலமாக அந்த ஜாதிதான். ஆனால் 2023-ம் வருஷம் மாசி மாதத்தில் நான் போனது அதற்கெல்லாம் அல்ல. ஒரு வீடு தரையை விட்டு மேலே எழும்புவதைக் கண்ணால் பார்ப்பதற்காகப் போனேன்!

கோச்சடையில் இருக்கும் என் பெரியம்மா ஒரு நாள் டெலிபோனில், "அடுத்த வாரம் வீட்டைத் தூக்குறாக. வந்து பாரு தாயி" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யார் பெரியம்மா தூக்குறது? போலீஸுக்குச் சொன்னீங்களா?" என்றேன்.

"அடி கூறுகெட்டவளே! திருடன் தூக்கலை. நாமதான் காசு கொடுத்துத் தூக்கச் சொல்லியிருக்கோம்!"

இதற்கு மேல் சென்னையில் இருப்புக் கொள்ளுமா? அன்றைக்கே பாண்டியன் எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். "அதற்குள் தூக்கிவிட்டால் வீட்டை எங்கே போய்த் தேடுவாய்?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்துகொண்டே எடுத்துக் கொடுத்தார்.

காளவாசல் தாண்டி, மேலக்கால் ரோட்டைப் பிடித்து மேற்கே போனால் வருகிறது கோச்சடை. வலது கைப் பக்கம் வைகை. இன்று நகரத்தோடு ஒட்டிக்கொண்டு கல்யாண மண்டபமும் அடுக்கு மாடியுமாக ஆகிவிட்டாலும், கிராமத்தின் அடையாளம் முழுக்க அழிந்துவிடவில்லை. குதிரைகள் காவல் நிற்கும் அய்யனார் கோயில் இருக்கிறது. முத்தையா சுவாமிக்கு நேர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட கோச்சடையன் ரணதீரன் என்ற பாண்டியனோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பேசுகிறவர்களும் உண்டு. 2014-ல் 'கோச்சடையான்' படம் வந்தபோது, "எங்க ஊர்ப் பேரை வச்சுப் படம் எடுத்துட்டாக" என்று பெரியம்மா பெருமைப்பட்டுக்கொண்டாள்.

கொஞ்ச தூரத்தில் மாடக்குளம் கண்மாய். பழைய கல்வெட்டுகளில் நம் மதுரைக்கே 'மாடக்குளக்கீழ் மதுரை' என்றுதான் பெயர். ஆற்றுக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருந்த இந்தப் பூமி ஒரு காலத்தில் நெல்லும் வாழையும் தென்னையுமாக இருந்தது. தண்ணீருக்கு இங்கே வழி தெரியும். நடுவில் வீடு கட்டிய நமக்குத்தான் அதன் வழி தெரியவில்லை.

பெரியப்பா அந்த வீட்டை 1974-ல் கட்டினார். செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம். அப்போது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். நான் பாவாடை கட்டிய வயதில் அந்தப் படிகளில் உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடியிருக்கிறேன். பிறகு ரோடு போட்டார்கள். சில வருஷம் கழித்து அதன் மேலேயே இன்னொரு ரோடு போட்டார்கள். அதற்கு மேலே மற்றொன்று. தோசைக்கல்லில் தோசையை எடுக்காமலே மேலே மேலே மாவு ஊற்றினால் எப்படியிருக்கும்? அந்தக் கதைதான். படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. கடைசியில் வீட்டுக்குப் போக ஒரு படி இறங்க வேண்டும் என்று ஆகிவிட்டது!

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக் கூடாது என்று 2021-ம் வருஷம் மே மாதம் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டார். நல்ல உத்தரவுதான். ஏற்கெனவே பள்ளத்தில் போய்விட்ட வீட்டை அது மேலே கொண்டுவருமா? ஐப்பசி அடைமழையில் கூடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். பெரியம்மா கட்டில் மேல் அடுப்பை வைத்துக் கஞ்சி காய்ச்சினாள். சாக்கடையும் மழைத் தண்ணீரும் ஒன்றாகி, அரிசிப் பானையின் அடியைத் தொட்ட அன்றுதான் அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று. "இடிச்சுட்டுக் கட்டலாம்" என்றார் அண்ணன். "உங்க அப்பா மேஸ்திரி கூட நின்னு தண்ணி ஊத்தின சுவரு. நான் இருக்கிற வரைக்கும் இடிக்க விட மாட்டேன்" என்று பெரியம்மா மறுத்துவிட்டாள். இடித்துக் கட்டப் பணமும் கிடையாது என்பதை மதினி தனியாக என்னிடம் சொன்னாள்.

அப்புறம்தான் தூக்குகிற யோசனை வந்தது.

தூக்குவதில் இரண்டு கட்சி உண்டு என்பதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஒன்று, கையால் திருகுகிற ஜாக்கி. மற்றொன்று, மோட்டார் பம்பு வைத்து எண்ணெயை அழுத்தித் தூக்குகிற ஹைட்ராலிக் ஜாக்கி. இரண்டு தரப்பு ஆட்களும் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மோட்டார்க்காரர், "இரண்டே நாளில் மூன்றடி ஏற்றிவிடுவேன்" என்றாராம். கை ஜாக்கி மேஸ்திரி, "பள்ளம் தோண்டுவதிலிருந்து சுவர் சேர்ப்பது வரை ஒன்றரை மாதம்" என்றாராம். அண்ணனுக்கு மோட்டார் பேரில்தான் ஆசை. ஒன்றரை மாத வாடகை மிச்சமாகுமல்லவா?

பெரியம்மா இரண்டு பேரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாளாம்: "பாதி தூக்கினப்புறம் ராத்திரி கரண்டு போச்சுன்னா வீடு எங்கே நிக்கும்?"

ஐந்தாம் வகுப்பு படித்த அந்த அம்மாளின் கேள்வியில் இருந்த விஷயத்தை நம் வீட்டு முறுக்கு அச்சைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். திருகு வைத்த அச்சில் பாதி பிழிந்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடுகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் திருகு விட்ட இடத்திலேயே நிற்கிறது. மாவு அதைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை. திருகு ஜாக்கியும் அப்படித்தான். கையை எடுத்தாலும் மரையின் உராய்வே பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹைட்ராலிக் ஜாக்கியில் பாரத்தைத் தாங்குவது எண்ணெய். 1795-ல் ஜோசப் பிரமா என்ற இங்கிலாந்துக்காரர் உரிமை வாங்கிய அழுத்து யந்திரத்தின் வம்சம் அது. சின்னக் குழாயில் கொடுக்கும் கொஞ்ச அழுத்தம், பெரிய குழாயில் மலையைத் தூக்கும் பலமாகிறது. ஆனால் வால்விலோ அடைப்பானிலோ இம்மியளவு கசிவு இருந்தால், இரவோடு இரவாக ஒரு மூலை மட்டும் மெல்ல இறங்கிவிடக்கூடும். பூட்டு மரை வைத்த ஜாக்கிகளும் இல்லாமல் இல்லை, விலைதான் அதிகம்.

மோட்டாரை மட்டம் தட்டுவது என் எண்ணமல்ல. 2024-ல் பம்பாய் அந்தேரியில், புதிதாகக் கட்டிய கோகலே பாலமும் பழைய பர்ஃபிவாலா மேம்பாலமும் உயரம் பொருந்தாமல் நின்று ஊர் சிரித்ததே, அப்போது பழைய பாலத்தின் தளத்தை ஒரு பக்கம் ஏறக்குறைய 1.4 மீட்டர் ஹைட்ராலிக் ஜாக்கியால்தான் ஏற்றிச் சேர்த்தார்கள். அதைக் கையால் திருகிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் அது இரும்பு போட்ட ஒரே பலகை. இழுத்த பக்கம் சேர்ந்து வரும். பெரியப்பா கட்டியது ஒன்றோடொன்று சுண்ணாம்பாலும் சிமெண்டாலும் ஒட்டிய ஆயிரக்கணக்கான செங்கல். ஒரு மூலை முந்தினால் அடுத்த மூலை வெடிக்கும்.

கடைசியில் கை ஜாக்கி மேஸ்திரிக்கே வெற்றிலை பாக்கு வைத்தார்கள். ஹரியானாவிலிருந்து குழுவோடு வந்தவர். பிள்ளைகளில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள்.

நான் போனபோது வீட்டைச் சுற்றி இடுப்பளவு பள்ளம். அஸ்திவாரத்தை விட்டு விட்டு உடைத்து, சுவருக்கு அடியில் இரும்புச் சட்டம் செருகி, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்: 180! தரை அப்படியே கீழேயே இருக்கும். சுவரும் தளமும் மட்டும் மேலே போகும். வீட்டார் எதிர்ச் சந்தில் வாடகைக்குக் குடியிருந்தார்கள். பெரியம்மா மட்டும் காலையிலேயே வந்து வேப்ப மரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

பதினெட்டு பேர், ஆளுக்குப் பத்து ஜாக்கி. மேஸ்திரி விசில் ஊதுவார். ஒவ்வொருவரும் தம் பத்து ஜாக்கியையும் வரிசையாகக் கால் சுற்றுச் சுற்றி நிமிர்வார்கள். எல்லாரும் நிமிர்ந்த பிறகு அடுத்த விசில். ஒரு முழுச் சுற்றுக்குக் கால் அங்குலம் ஏறும். ஆக, ஒரு விசிலுக்கு வீடு ஏறுவது ஓர் அங்குலத்தில் வீசம்! மூன்றடிக்கு 576 விசில். 180 ஜாக்கிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 25,920 முழுச் சுற்று. பின்னல் போடும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

பள்ளத்தில் குனிந்து, தலைக்கு மேலே முழு வீட்டையும் வைத்துக்கொண்டு திருகுகிற அந்தப் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. கையால் செய்வதுதான் உத்தமம் என்று நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது சுலபம். அந்தக் கை நம்முடையது அல்ல.

மத்தியானம் பெரியம்மாவின் பேரன் அமெரிக்காவிலிருந்து வீடியோவில் வந்தான். அவனிடமும் ஒரு வீடு இருக்கிறதாம். காருக்குப் பின்னால் இழுத்துச் செல்கிற மடக்கு வீடு! காட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றினால் கம்பி வடம் இழுத்துக் கூரை மேலே எழும்பும். பக்கவாட்டில் கட்டில் விரியும். நாலு மூலையிலும் ஜாக்கி உண்டு. அது தூக்குவதற்கு அல்ல, வண்டி ஆடாமல் நிற்பதற்கு. பாட்டரியில் ஓடும் மோட்டார் வைத்ததும் உண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும். "நீ எதை வாங்கினே?" என்று கேட்டாள் பெரியம்மா. "கையால் சுத்தறதுதான் அப்பத்தா. வடம் எங்கேயாவது சிக்கினா கைக்குத் தெரிஞ்சுடும். மோட்டாருக்குத் தெரியாது, இழுத்து அறுத்துடும்" என்றான். பெரியம்மா அண்ணனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அண்ணன் வேப்ப மரத்தின் உச்சியைப் பார்த்தார்.

இது ஒன்றும் புது வித்தையும் அல்ல. அமெரிக்காவில் சிக்காகோ நகரம் ஏரி மட்டத்தில் இருந்ததால் சாக்கடை ஓட வழியில்லாமல் காலராவில் மடிந்தது. தெருவை உயர்த்திச் சாக்கடைக் குழாய் போட்டார்கள். கட்டடங்கள் பள்ளத்தில் போயின. நம் கோச்சடை மாதிரியேதான்! 1860-ல் லேக் தெருவில் 320 அடி நீளக் கட்டட வரிசை ஒன்றை, 600 பேர் 6,000 திருகு ஜாக்கிகளைச் சுற்றி, ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டே இருந்ததாம்.

இங்கே நாளுக்கு நாலு அங்குலம்தான். ஆறாம் நாள் சாயங்காலம். நான் மதினியோடு டீ கொண்டு போயிருந்தேன். திடீரென்று சமையலறைப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து, "பாரி! பாரி!" என்று ஒரு கூச்சல். பெரியம்மா என்னிடம், "முல்லைக்குத் தேர் கொடுத்தவரை இவன் எதுக்குடி கூப்பிடுறான்?" என்றாள். மேஸ்திரி நீளமாக ஒரு விசில் ஊதினார். பதினெட்டுப் பேரும் சிலையாக நின்றார்கள். 'பாரி' என்றால் இந்தியில் பாரம், கனம். அந்தப் பையனின் ஜாக்கி ஒன்று வழக்கத்தைவிட இறுகியிருக்கிறது. அவன் கைக்கு அது தெரிந்துவிட்டது. அதே சமயம் சமையலறை ஜன்னல் மூலையில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல்.

பெரியம்மா எழுந்து நின்றுவிட்டாள். வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

டார்ச்சு அடித்துப் பார்த்தார்கள். சமையலறை மூலையில் தரையில் பதித்த ஆட்டுக்கல்! பெரியப்பா அதற்குச் சுற்றிலும் கான்கிரீட் போட்டு, ஆடாமலிருக்கச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மேலே பலகை அடித்து மறைத்துவிட்டதால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. வீடு மேலே போகிறது. ஆட்டுக்கல் வர மாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்து ஜாக்கிகளைக் கால் சுற்று இறக்கி, உளியால் இரண்டு மணி நேரம் செதுக்கிக் கல்லை விடுவித்தார்கள். மறுநாள் விசிலுக்கு விரிசல் ஒரு நூல்கூட விரியவில்லை.

"கல் உள்ளேயே கிடக்கட்டும். மூணடி மணல் கொட்டி மூடிடலாம்" என்றார் அண்ணன். "நாப்பது வருஷம் மாவாட்டின கல்லை உயிரோட புதைக்கிறதா?" என்றாள் பெரியம்மா. 'பாரி' என்று கத்திய அதே பையன் ஒரு ஜாக்கியை அதற்கு அடியில் கொடுத்து நெம்பி எடுத்தான். நாலு பேர் சேர்ந்து வேப்ப மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அன்று அவனுக்கு மட்டும் இரண்டு டீ.

பங்குனியில் மறுபடி போனேன். ஜாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்து இடைவெளியில் செங்கல் வைத்துக் கட்டியாகிவிட்டது. உள்ளே மணல் நிரப்பிப் புதுத் தரை போட்டிருந்தார்கள். ரோட்டிலிருந்து நாலு படி. முட்டி வலியோடு பெரியம்மா ஒவ்வொரு படியாக ஏறி, மேல் படியில் உட்கார்ந்து என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

அப்போது பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்தாள். தையல் வேலை செய்து ஒரு பெண்ணைப் படிக்க வைக்கிறவள். அவள் வீடு இன்னும் ஒரு படி இறக்கத்தில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் புதுச் சுவரின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள். "சதுர அடிக்கு என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். மதினி தொகையைச் சொன்னாள். "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெரியம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நம்ம வீட்டுக்குள்ள நின்ன தண்ணி இனிமே எங்கேடா போகும்?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.

"ஐப்பசிக்கு நாள் இருக்குன்னு உக்காந்திருக்காதே. நம்ம பக்கத்து மண்ணுல ஒரு வாய்க்கால் வெட்டி, அவ வாசலைத் தொடாம ரோட்டுக் கால்வாயில கொண்டுபோய் விடு. அப்புறம் அந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவளுக்குத் தவணையில செய்வாரான்னு கேளு."

நான் ரயிலுக்குக் கிளம்பும்போது அண்ணன் கொல்லையில் மண்வெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.