சார்ஜர் மறுத்தது ஏன்?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு ஊரப்பாக்கத்தில் அந்த மொழியால் பெரிய உபயோகம் எதுவும் கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோ பேசவும் ரேஷன் கடையில் வரிசையில் நிற்கவும் தமிழே தாராளம். நான் எழுத்தராக இருந்த காலத்தில் எப்போதாவது பழைய பிரெஞ்சுப் பத்திரம் ஒன்று மேசைக்கு வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று மகன் வீட்டோடு இங்கே வந்த பிறகு அதுவும் நின்று போயிற்று. அப்படிச் சும்மா கிடந்த மொழி 2023 டிசம்பரில் ஒரு பேட்டரி சார்ஜர் விஷயத்தில் கை கொடுத்தது. வீட்டில் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அதற்கு முன்பே 3, 4 தேதிகளில் கொட்டிய மழையில் சென்னையும் புறநகரும் தத்தளித்தன. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் குடும்பத்துப் பையன் வண்டலூர் - வாலாஜாபாத் சாலைப் பக்கம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். முன்னால் இரண்டு இரும்புக் கைகளை நீட்டி, மூட்டைகள் அடுக்கிய பலகையை அப்படியே தூக்கி உயரத்தில் வைக்கிற வண்டி. இவனுடையது பேட்டரியில் ஓடுவது. புயலுக்குப் பின் குடோன் திறந்து மூன்றாம் நாள், முகம் வாடி என்னிடம் வந்தான்.

"தாத்தா, உங்களுக்கு பிரெஞ்சு தெரியும்னு பாட்டி சொன்னாங்க. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு கையேடு. வண்டியும் சார்ஜரும் ஐரோப்பாவிலிருந்து பழையதாக வாங்கியவையாம். சார்ஜர் வேலை செய்யவில்லை. சொருகினால் விளக்கு எரிகிறது, ஒரு சிவப்புக் குறி வருகிறது, அவ்வளவுதான். இவன் மழைத்தண்ணீரில் விட்டுக் கெடுத்துவிட்டான், புது சார்ஜர் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு. அவன் சம்பளத்தில்தான் தங்கையின் கல்லூரிக் கட்டணம்.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் காலத்துப் பௌதிக வகுப்பில் பேட்டரிக்கு 'அக்யுமுலாத்தர்' என்பார்கள். சேமித்து வைப்பது என்று பொருள். ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் வைத்து, மறுபடி மறுபடி மின்சாரம் ஏற்றக்கூடிய பேட்டரியை 1859-இல் செய்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். 1881-இல் காமிய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின்மேல் ஈயக் கலவையைப் பூசி அதன் கொள்ளளவைக் கூட்டினார். இன்று நம் வீட்டு இன்வெர்ட்டரிலும் காரிலும் இருப்பது பெரும்பாலும் அதே பரம்பரைதான். ஈயத்துக்கு பிரெஞ்சில் 'ப்ளோன்'. பேச்சு வழக்கில் ஃபியூஸுக்கும் அதே சொல். அந்தக் கையேட்டில் எந்த இடத்தில் ஈயம், எந்த இடத்தில் ஃபியூஸ் என்று பிரித்துப் படிக்கவே அரை மணி நேரமாயிற்று.

கடைசிப் பக்கங்களில் ஓர் அட்டவணை: குறை, காரணம், தீர்வு என்று மூன்று பத்தி. சிவப்புக் குறிக்கு நேரே சார்ஜர் பழுது என்று போடவில்லை. 'பேட்டரியின் வோல்டேஜ் 36-க்குக் கீழே இருந்தால் சார்ஜர் தொடங்காது' என்ற பொருளில் எழுதியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. அவனுடையது 48 வோல்ட் பேட்டரி. அதாவது இரண்டு வோல்ட் செல்கள் 24, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. நன்றாக சார்ஜ் ஆகி ஓய்ந்திருக்கும்போது மொத்தம் 51 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். சார்ஜர் மின்சாரத்தைத் திறந்துவிடும் முன் எதிரே இருப்பது என்ன என்று அளந்து பார்க்கிறது. மிகக் குறைவாக இருந்தால், யாராவது 24 வோல்ட் பேட்டரியைத் தவறாக மாட்டியிருக்கலாம், அல்லது செல் ஏதாவது செத்திருக்கலாம். அங்கே முழு வேகத்தில் ஏற்றினால் ஆபத்து. அதனால் கொடுக்காமல் நின்றுவிடுகிறது. கையெழுத்தில்லாத விண்ணப்பத்தை வாங்க மறுக்கிற எழுத்தர் மாதிரி.

மறுநாள் அவனோடு பைக்கில் போனேன். மகனுக்குப் பிடிக்கவில்லை. சூப்பர்வைசர் முதலில் முறைத்தாலும், வயதைப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். நான் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, அங்கிருந்த எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

முதலில் சுவரில் வரும் கரண்ட். அது மூன்று ஃபேஸ் சார்ஜர். புயலுக்குப் பின் ஒரு ஃபேஸ் மட்டும் வராமல் இருப்பது சகஜம். மூன்றும் இருந்தன. அடுத்து ஃபியூஸ்கள். நன்றாக இருந்தன. சார்ஜர் சுவரில் நெஞ்சுயரத்தில் மாட்டியிருந்தது. உள்ளே ஈரமும் இல்லை, கருகிய வாடையும் இல்லை. பிறகு பேட்டரியோடு சேரும் பெரிய பிளக். பச்சை பூத்திருக்கிறதா, கருகியிருக்கிறதா, கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். குறையில்லை. கடைசியாக பேட்டரியின் இரண்டு முனைகளில் மீட்டரை வைத்தார்.

31 வோல்ட்.

சார்ஜர் நன்றாகத்தான் இருந்தது. பேட்டரிதான் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. "அப்போ பேட்டரியைக் காலி பண்ணி விட்டதும் இவன்தானே?" என்றார் சூப்பர்வைசர்.

எனக்கு மின்சாரம் அரைகுறையாகத்தான் தெரியும். பதிவேடு நன்றாகத் தெரியும். வண்டிக்கு லாக் புத்தகம் உண்டா என்று கேட்டேன். வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதிக்கு நேரே பையனின் கோணல் எழுத்து: காலை முதல் மின்சாரம் இல்லை, தண்ணீர் உள்ளே வந்ததால் கீழ் வரிசைச் சரக்கை மேலே ஏற்றியது, மாலையில் வண்டி நடுவில் நின்றுவிட்டது, இருட்டாக இருப்பதால் எல்லோரும் வெளியேற வண்டி விளக்கை எரியவிட்டது. கீழே கையொப்பம். சூப்பர்வைசருடையதே.

சரக்கைக் காப்பாற்றத்தான் பேட்டரியின் கடைசிச் சொட்டுவரை ஓட்டியிருக்கிறான். அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் கணுக்கால் தண்ணீரில் அத்தனை பேரும் வெளியே நடந்திருக்கிறார்கள். பிறகு குடோன் பூட்டிக் கிடந்த நாள்களில் விளக்கு மிச்சத்தையும் குடித்துவிட்டது. சூப்பர்வைசர் புத்தகத்தை இரண்டு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொன்னார்.

பேட்டரிக்காரர் இரண்டு நாள் கழித்து வந்தார். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக அளந்தார். தகடு வெளியே தெரிந்த செல்களில் மட்டும், தகடு மூழ்கும் அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் விட்டார். சார்ஜ் ஏற ஏற மட்டம் உயரும், முன்பே நிரப்பினால் அமிலம் வழிந்துவிடும், மீதியை முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்றார். கரண்ட்டைக் கையால் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரு சின்ன சார்ஜரில் மெதுவாக ஏற்றி, வோல்டேஜ் மேலே வந்ததும் பழைய சார்ஜரில் மாட்டினார். அது மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு செல் மட்டும் தேறவில்லை. அதை மாற்றினார்கள். சம்பளப் பிடித்தம் பேச்சு அதோடு போயிற்று.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்; காற்றில் அது நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி சிகரெட் பக்கத்திலேயே ஆகாது. சார்ஜரின் பாதுகாப்பை ஏமாற்றி இணைத்துவிடும் கெட்டிக்காரர்களையும் கிட்டே சேர்க்காதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். காலியான பேட்டரியைக் காலியாகவே நாள்கணக்கில் விடக்கூடாது. தகட்டில் படியும் ஈய சல்ஃபேட் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டு, பிறகு எத்தனை ஏற்றினாலும் கரையாது. நீண்ட மின்வெட்டில் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிட்டால், மறுபடி மறுபடி ஆன் செய்து கடைசித் துளியைப் பிழியாதீர்கள். கரண்ட் வந்ததும் முழுதாக ஏறவிடுங்கள்.

ஆனால் அந்தக் குடோனில் பேட்டரியைப் பிழிந்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். ஒரு செல் போயிற்று, சரக்கும் ஆட்களும் தப்பினார்கள். என் வருத்தமெல்லாம், சார்ஜர் செய்த காரியத்தை மனிதர்கள் செய்யவில்லையே என்பதுதான். அது அளந்து பார்த்துவிட்டு மறுத்தது. அவர்கள் அளந்து பார்க்காமலே பையன் தலையில் பழியைப் போட்டார்கள்.

கையேட்டின் அந்த அட்டவணையைத் தமிழில் எழுதித் தரச் சொன்னான். முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அதை லேமினேட் செய்து சார்ஜர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்களாம். லாக் புத்தகத்தை மட்டும் ஒரு நாள்கூட விடாதே என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் எழுதுகிறான். எழுத்துதான் இன்னும் கோணலாக இருக்கிறது.