பருத்தித்துறையில் ஒரு பகல்

ஊர் பார்க்கப் புறப்பட்டவன் ஊரைப் பார்க்கிறான். அலுவல் பார்க்கப் புறப்பட்டவன் கடிகாரத்தையே பார்க்கிறான். நாம் பருத்தித்துறைக்குச் சென்றது இரண்டாவது வகையில்தான். மீன்வலை வியாபாரி ஒருவரைக் கண்டு, நிலுவைக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, அன்றிரவே கொழும்புக்குத் திரும்பவேண்டும் என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. பள்ளிப் பருவத்தில் இலங்கைப் படத்தின் உச்சியிலே நாம் குறித்துப் பழகிய அவ்வூரை, அதுகாறும் கண்ணாற் கண்டதில்லை என்று சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

யாழ்ப்பாண நகரில் அதிகாலையிலே 750ஆம் இலக்கப் பேருந்தில் ஏறினோம். ஏறத்தாழ 33 கிலோமீற்றர் வழி. பனங்கூடல்களையும் புகையிலைத் தோட்டங்களையும் கடந்து வல்லைவெளியை அடைந்ததும், இருபுறமும் மரமற்ற பெருவெளி விரிந்தது. காற்று வண்டிக்குள்ளே புகுந்து நம் கணக்குத் தாள்களைப் பறிக்கப் பார்த்தது. தொண்டைமானாற்றுக் கடனீரேரிப் பாலத்தைத் தாண்டினால் வடமராட்சி. நெல்லியடியும் மந்திகையும் கழிந்தால் பருத்தித்துறை.

கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைச் சிறுவன், “முதலாளி செத்தவீட்டுக்குப் போட்டார், ஐயா. பின்னேரம் மூண்டு மணிக்குத்தான் வருவார்” என்றான். முதலில் சினம் வந்தது. பிறகு, ஒரு பகற்பொழுது நமக்கு இலவசமாகக் கிடைத்ததென்று தேற்றிக்கொண்டு கடற்கரையை நோக்கி நடந்தோம்.

பருத்தி ஏற்றுமதியான துறையாதலின் பருத்தித்துறை என்பர். போர்த்துக்கேயரோ இதனைப் ‘பாறைகளின் முனை’ என்று பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர்; அதுவே ஆங்கிலேயர் வாயில் ‘பொயின்ற் பெட்ரோ’ ஆயிற்று. கரையில் நின்றவன் பண்டத்தைக் கண்டு பெயரிட்டான். கடலில் வந்தவன் பாறையைக் கண்டு பெயரிட்டான். இரண்டும் மெய்யே. முருகைக்கற்கள் துருத்தி நிற்கும் அக்கரையிலே அலை உடைவதைப் பார்த்தால், மாலுமியின் அச்சம் நமக்கும் விளங்குகிறது. அந்த அச்சம் தீர்க்க 1916இல் எழுந்த வெளிச்சவீடு, 32 மீற்றர் உயரத்தில் முனையிலே நிற்கிறது. வெளியே நின்றே அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்தோம்.

கடற்காற்றுக்கு அருகிலேயே ஹாட்லிக் கல்லூரி. நாவலர் பெருமானைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1838இல் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது அது. மாணவர் சிலர் மதிலோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கடலும் ஒரு பாடம் போலும்!

வடக்கே நோக்கினோம். கண்ணுக்குத் தெரியாத தொலைவில், அறுபது கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், கோடியக்கரை. ஒரு காலத்தில் இக்கடல் தெருவாக இருந்தது. அயலூரான புலோலியிற் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னைக்குச் சென்று, இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலே திரு. வி. க.வுக்குத் தமிழாசிரியராக வாய்த்தார். மேற்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள வல்வெட்டித்துறையிற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல், அவ்வூர் மாலுமிகளோடு சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 1983இல் மூண்டு 2009 வரை நீடித்த போர் அந்தத் தெருவை அடைத்தது. இடையில், 2004 டிசெம்பர் 26ஆம் நாள், அதே கடல் கரையேறிவந்து இக்கரையோர மக்கள் பலரைக் கொண்டுபோயிற்று.

உச்சி வெயில் ஏறியது. தும்பளை வீதியிலே நிழல் தேடிச் சென்ற நம்முன் தெருமூடி மடம் தோன்றியது. பெயரே அதனை விளக்கிவிடும்: தெருவின் இருமருங்கும் உயர்ந்த திண்ணைகள், கற்றூண்கள்; அவற்றின்மேல் தெருவையே மூடி நிற்கும் கூரை. வண்டிகள் நடுவே செல்கின்றன; களைத்தவர் திண்ணையில் அமர்கின்றனர். வழிப்போக்கனை வீட்டுக்கு அழைப்பவர் உண்டு. அவன் நடக்கும் தெருவையே வீடாக்கி வைத்தவர்களை இங்கேதான் கண்டோம்.

திண்ணையிலிருந்த முதியவர் ஒருவர், “எங்கையிருந்து வாறியள், தம்பி?” என்று வினவினார்.

“கொழும்பிலையிருந்து, ஐயா. இரவைக்குத் திரும்பிப் போகவேணும்.”

அவர் முகம் மலர்ந்தது. மகள் கனடாவிலாம், மறுநாள் இரவு உறவினர் ஒருவர் கொழும்பிலிருந்து அங்கே புறப்படுகிறாராம். ஒரு சிறு பொதியை அவரிடம் சேர்ப்பிக்க இயலுமா என்று தயங்கிக் கேட்டார். பொதியில் இருந்தது ஓடக்கரையில் வாங்கிய பருத்தித்துறை வடை. உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, மெல்லியதாகத் தட்டி, மொறுமொறுவெனப் பொரித்தெடுப்பது. பல நாள் கெடாது. பிரயாணத்துக்கென்றே பிறந்த பலகாரம்!

“கடலாலை போனதுகள் திரும்பி வந்துதுகள், தம்பி. ஆகாயத்தாலை போனதுகள்தான் வரேல்லை. வடையாவது போகட்டும்” என்றார்.

நம் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. கொழும்பு விலாசத்தை மட்டும் தாளொன்றில் எழுதிப் பொதியோடு தந்துவிட்டு, தடியூன்றி எழுந்து நடந்தார்.

மூன்று மணிக்கு வியாபாரி வந்தார். பாதித் தொகையை எண்ணி வைத்துவிட்டு, மீதிக்கு ஒரு மாதத் தவணை கேட்டார். எழுத்தில் வாங்காமல் திரும்பலாகாது என்பது மேலாளர் ஆணை. பேனாவை எடுத்தோம். கைப்பையைத் திறந்தபோது வடைப் பொதியின் மணம் எழுந்தது. பேனாவை மூடிவிட்டு, “உங்கள் வாய்ச்சொல்லே போதும், ஐயா” என்றோம்.

அலுவலகத்தில் அதற்காக நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டோம். மூன்று வாரங்கள் நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. நான்காம் வாரத்திலே பணம் முழுவதும் வந்து சேர்ந்தது.

பொதியின் கதையையும் சொல்லிவிடுகிறோம். மறுநாட்காலை வெள்ளவத்தையில் அவ்வீட்டைத் தேடிப்பிடித்து ஒப்படைத்தோம். பெட்டி கட்டிக்கொண்டிருந்த அந்த உறவினர் பொதியை இரு கைகளாலும் வாங்கி, துணிமணிகளுக்கு நடுவே நொறுங்காமல் வைத்தார். பிறகு நிமிர்ந்து, “கிடைத்ததென்று பற்றுச்சீட்டு ஏதும் எழுதித் தரவேண்டுமோ?” என்று வினவினார்.

தந்தவர் கேட்கவில்லை என்று கூறி விடைபெற்றோம்.