லீவு நாளில் வந்த சாண்டா

அக்கா மகன் நியூஜெர்ஸியிலிருந்து வந்திருந்தான். 2018, டிசம்பர். பெட்டியைத் திறந்தால் துணிமணியைவிட சாக்லெட்டும் கலர் பென்சிலும்தான் அதிகம். மேலாக இருபது சிவப்புத் தொப்பிகள், வெள்ளைக் குஞ்சம் வைத்து.

‘‘மாமா, ஒரு மலை கிராமத்து ஸ்கூல்ல கிறிஸ்துமஸ் கொண்டாடணும். போன வருஷம் கென்யாவுல பண்ணினேன்’’ என்றான்.

அங்கே இரண்டு வாரம் தொண்டு செய்ய ஒரு ஏஜென்ஸிக்குப் பணம் கட்டினானாம். நான் பி.காம். வேலை செய்கிறவன் காசு வாங்குவான் என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். காசு கொடுத்து வேலை செய்வதை வரவில் எழுதுவதா, பற்றில் எழுதுவதா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் இருக்கிறது கண்ணமங்கலம். அங்கே ஆளுக்கொரு டீ அடித்துவிட்டு, கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஜவ்வாது மலை ஏறினோம். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் வாசலில் போய் இறங்கினால், கேட்டில் பூட்டு!

பக்கத்து வீட்டிலிருந்து லுங்கியோடு வந்தார் தலைமையாசிரியர். ‘‘அரையாண்டு லீவு சார். ஹாஸ்டலே காலி.’’

தமிழ்நாட்டில் படித்த எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? அசடு வழிந்தேன்.

‘‘கென்யாவுல மட்டும் டிசம்பர்ல ஸ்கூல் உண்டா தம்பி?’’ என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவன் போன வருஷக் கணக்குப்படி அங்கே பள்ளி ஜனவரியில் தொடங்கி நவம்பரோடு முடிகிறது. டிசம்பர் முழுக்க விடுமுறை. பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

‘‘எல்லாரும் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நின்னாங்க மாமா. எங்களுக்காக வரச் சொல்லியிருக்காங்க...’’

தலைமையாசிரியர் டீ கொடுத்தார். அவர் கவலை வேறு. ஹாஸ்டலில் இருக்கிறவரை பிள்ளைகளுக்கு மூன்று வேளை சாப்பாடு நிச்சயம். லீவில் வீட்டுக்குப் போனால், அப்பா அம்மாவோடு கேரளா, கர்நாடகா என்று தோட்ட வேலைக்குக் கிளம்பிவிடும். மேலே சாமையும் புளியும் எத்தனை மாதம் சோறு போடும்? 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரில் பலர் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். செம்மரம் வெட்டக் கூலிக்குப் போனார்கள் என்றது போலீஸ்.

‘‘மிட்டாய் கொடுக்க நிறைய பேர் வர்றாங்க தம்பி. ஸ்கூல் திறக்கிறப்ப ஊர் ஊரா நடந்து புள்ளைங்களைக் கூட்டியாரத்தான் ஆள் இல்ல.’’

ஜனவரி 4 ராத்திரி அவனுக்கு ஃப்ளைட். 2-ம் தேதி விடியற்காலையில் என்னை எழுப்பி, மறுபடி மலைக்குக் கூட்டிப்போனான். தொப்பிகள் என் வீட்டுப் பரணில். வாத்தியார் முன்னால் நடக்க, மூன்று ஊர். எனக்கு முதல் ஊரிலேயே மூச்சு வாங்கிவிட்டது, ஒரு திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் ஒன்பது பிள்ளைகளோடு இறங்கி வந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் இல்லை. வீட்டில் பாட்டி. ‘‘மொளகு பறிக்கப் போயிருக்குதுங்க. எப்ப வருமோ!’’

நியூஜெர்ஸியிலிருந்து வாரா வாரம் வாட்ஸ்அப்: ‘அந்தப் பொண்ணு வந்தாச்சா மாமா?’

நான் தலைமையாசிரியருக்கு போன் போடுவேன். மார்ச் கடைசியிலும் அதே பதில்தான்.

‘‘இன்னும் இல்ல சார்.’’